மஸ்டாங்கும் கமரோவும் சமமா? டூரிங் கார் பந்தயத்தின் தொழில்நுட்பச் சமநிலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூப்பர்கார்ஸ் என்பது ஆஸ்திரேலியாவின் முதன்மையான டூரிங் கார் தொடர். கடையில் வாங்கக்கூடிய காரின் முகத்தையும் உருவத்தையும் போர்த்திக்கொண்டு, உள்ளே முழுக்க முழுக்கப் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட கார்கள் அதில் ஓடுகின்றன. 2023 முதல் 2025 வரை ஃபோர்டு மஸ்டாங், செவர்லே கமரோ என்ற இரண்டு வகைக் கார்கள் மட்டுமே அங்கே மோதின. அந்த மூன்று ஆண்டுகளில் ஓட்டுநர்களின் பெயர்களுக்கு இணையாக அடிபட்ட சொல் ‘பாரிட்டி’, அதாவது தொழில்நுட்பச் சமநிலை. விடியற்காலை ஆறு மணிவாக்கில் எழுந்து, அத்தொடரின் 1,000 கிலோமீட்டர் பந்தயமான பாத்தர்ஸ்ட் 1000ஐப் பார்க்கும் நம்மூர் ரசிகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறோம்.

தொழில்நுட்பச் சமநிலை என்றால் எல்லாக் கார்களும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்று பொருளா?

இல்லை, பெரும்பாலான வாதங்கள் தடம் புரள்வது இந்த இடத்தில்தான். வெவ்வேறு நிறுவனங்களின் கார்கள், திறமையில் சமமான இரு அணிகளிடமும் சமமான இரு ஓட்டுநர்களிடமும் கொடுக்கப்பட்டால், அவை எட்டக்கூடிய எல்லை ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே சமநிலை. அந்த எல்லையை யார் எட்டுகிறார், யார் எட்டாமல் தவறவிடுகிறார் என்பது பந்தயத்தின் வேலை. ஆகவே சமன் செய்யப்பட வேண்டியது காரே தவிர முடிவு அல்ல. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் விடைகளில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

எல்லோருக்கும் ஒரே காரைக் கொடுத்துவிட்டால் இந்தத் தலைவலியே இருக்காதே?

இருக்காதுதான். நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தின் 992 பிரிவில் மூன்றாம் இடம் பெற்றபோது தமிழ்நாடே கொண்டாடியது. அந்தப் பிரிவில் ஓடியவை அனைத்தும் போர்ஷே 911 கப் கார்கள். அங்கே ‘அவன் காரில் இறக்கை பெரிது’ என்று யாரும் புகார் சொல்ல வழியில்லை.

ஆனால் டூரிங் கார் பந்தயம் பிறந்ததே ‘என் வீட்டு வாசலில் நிற்கும் கார் உன் வீட்டுக் காரை வெல்லும்’ என்ற வீம்பிலிருந்துதான். ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு குடும்பம், ஹோல்டன் (ஜெனரல் மோட்டார்ஸின் ஆஸ்திரேலியக் கார்ப் பெயர்) குடும்பம் என்று தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து நின்றார்கள். அந்த வேறுபாட்டை அழித்துவிட்டால் அரங்கில் பாதி நாற்காலி காலியாகிவிடும். வேறுபாடும் வேண்டும், அந்த வேறுபாட்டால் யாருக்கும் ஆதாயமும் கூடாது என்ற இந்த இரட்டை விருப்பமே எல்லாச் சிக்கலுக்கும் ஊற்றுக்கண்.

‘பாலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ்’ என்பதும் இதுவும் ஒன்றா? வெற்றி பெற்றவருக்கு எடை ஏற்றுவது எதில் சேரும்?

மூன்றும் வேறு வேறு. சூப்பர்கார்ஸ் பின்பற்றும் சமநிலை முறையில், பருவம் தொடங்குமுன் கார்கள் அளக்கப்பட்டு ஒன்றுக்கொன்று நிகராக்கப்படுகின்றன. அதன் பிறகு தக்க காரணம் இருந்தால் மட்டுமே கை வைப்பார்கள்.

டிசிஆர் என்ற பிரிவுக் கார்களின் பந்தயங்களில் நிலைமை மாறும்; ‘பாலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ்’ என்பது அங்கே நடப்பதுதான். ஹூண்டாய், ஹோண்டா, ஆடி போன்ற பல நிறுவனங்களின் 2 லிட்டர் டர்போ கார்கள் தத்தம் அடிப்படை உடலமைப்போடு அங்கே வருவதால், ஒவ்வொன்றின் எடை, தரையிலிருந்து உயரம், இன்ஜின் ஆற்றல் ஆகியவற்றை நிர்வாகம் தனித்தனியாக நிர்ணயிக்கிறது. இதற்கு மேல், முந்தைய பந்தயங்களின் சுற்று நேரத்தைக் கொண்டு ஈடுசெய்யும் எடையும் ஏற்றப்படுவதுண்டு.

வெற்றி எடை இந்த இரண்டிலும் சேராது. பிரிட்டிஷ் டூரிங் கார் தொடரில், அதாவது பிடிசிசியில், முன்னணியில் இருப்பவரின் காரில் ஒரு கட்டத்தில் 75 கிலோ வரை ஏற்றினார்கள். 2022இல் ஹைப்ரிட் முறை வந்தபோது எடைக்குப் பதிலாக மின்மோட்டாரின் உதவியை ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி பயன்படுத்தலாம் என்பதைக் குறைத்தார்கள். இது நியாயம் பற்றிய ஏற்பாடே அல்ல. பந்தயத்தைச் சுவாரசியமாக வைத்திருக்கும் ஏற்பாடு. அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்வதால் பிரிட்டனில் யாரும் மனம் வருந்துவதில்லை. நியாயத்தின் பெயரால் செய்யப்படும்போதுதான் மனிதர்களுக்குக் கோபம் வருகிறது.

ஆஸ்திரேலியாவில் இந்தச் சண்டை எப்போது தொடங்கியது?

அந்நாட்டின் டூரிங் கார் சாம்பியன்ஷிப் 1960இல் தொடங்கியது. புகார்களும் ஏறக்குறைய அதே வயதுடையவை. ஆனால் இன்றைய வடிவத்தைப் புரிந்துகொள்ள 1980களின் நடுப்பகுதியில் வந்த குரூப் ஏ விதிகளிலிருந்து பார்த்தால் போதும். அந்தச் சர்வதேச விதிகள், இன்ஜினின் கொள்ளளவைப் பொறுத்துக் காரின் குறைந்தபட்ச எடையையும் டயரின் அகலத்தையும் நிர்ணயித்தன. டர்போ இன்ஜினாக இருந்தால் கொள்ளளவை ஒரு காரணியால் பெருக்க வேண்டும், முதலில் 1.4 ஆக இருந்த அந்தக் காரணி பின்னர் 1.7 ஆக உயர்ந்தது. பொறியாளர்கள் இதை எப்படிப் படித்தார்கள் என்பதற்கு நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் நல்ல சான்று. அதன் இன்ஜின் 2,568 சிசி. அதை 1.7ஆல் பெருக்கினால் 4,366 சிசி. 4,500 சிசி எல்லைக்குள் சரியாக அடங்கிவிடுகிறது. நான்கு சக்கர இழுவையும் இரட்டை டர்போவும் சேர்ந்த அந்தக் காரை, பெருக்கல் வாய்பாட்டை எழுதியவர்கள் கனவிலும் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

1991இலும் 1992இலும் ஜிடி-ஆர் பாத்தர்ஸ்டை வென்றது. 1992க்குள் அதற்குக் கூடுதல் எடை ஏற்றி, டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வையும் பொருத்தியிருந்தார்கள், அப்படியும் வென்றது. மழையால் நிறுத்தப்பட்ட அந்தப் பந்தயத்தின் பரிசு மேடையில் ஜிம் ரிச்சர்ட்ஸும் மார்க் ஸ்கைஃபும் ஏறியபோது கூட்டம் ஊளையிட்டது. ரிச்சர்ட்ஸ் மைக்கிலேயே பதிலுக்குத் திட்டினார். மறு ஆண்டே 5 லிட்டர் வி8 இன்ஜின் கொண்ட ஃபோர்டு ஃபால்கனையும் ஹோல்டன் கொமடோரையும் மையமாக வைத்துப் புதிய விதிகள் வந்தன.

இரண்டே கார்கள், இனிச் சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தால் அதுவும் நடக்கவில்லை. ஃபால்கனின் முன் சஸ்பென்ஷன் வேறு வடிவம், கொமடோருடையது வேறு வடிவம். இருசுகளுக்கு இடையிலான தூரமும் ஒன்றல்ல. 2003இல் ‘புராஜெக்ட் புளூபிரிண்ட்’ என்ற பெயரில் இவற்றை ஒன்றாக்கினார்கள். 2013இல் வந்த அடுத்த தலைமுறை விதிகளில் கியர்பாக்ஸ், பின் சஸ்பென்ஷன், சட்டகம் எல்லாம் பொதுவாகி, நிஸானும் மெர்சிடீஸும், ஓராண்டு கழித்து வால்வோவும் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு முறையும் சமன் செய்யப்படும் பொருள்கள் கூடிக்கொண்டே போயின. மிஞ்சியிருப்பதன் மீதான சண்டையும் அதற்கேற்ப உக்கிரமானது.

அப்படியானால் இன்றைக்கு மிஞ்சியிருப்பவை என்ன?

பெரும்பாலும் இரண்டு: காற்று, இன்ஜின். காரின் வெளி உடல் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால் அதன் மேல் பாயும் காற்று உண்டாக்கும் விசைகள் வேறுபடுகின்றன. இன்ஜினும் அவரவர் குடும்பத்தைச் சேர்ந்தது. இவை தவிர டயர், பிரேக், கியர்பாக்ஸ், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் எல்லோருக்கும் பொது.

காற்றின் விசையை எப்படி அளக்கிறார்கள்?

ஓடும் காரின் மீது காற்று இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, காரைத் தரையோடு அழுத்துகிறது; இதனால் வளைவில் டயருக்குப் பிடிப்பு கூடுகிறது. மற்றொன்று, காரைப் பின்னுக்கு இழுக்கிறது. இதனால் நேர் ஓட்டத்தில் வேகம் குறைகிறது. பாத்தர்ஸ்டின் மவுண்ட் பனோரமா தடம் இவ்விரண்டையும் ஒரே சுற்றில் சோதித்துவிடும். 6.213 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில் மலையுச்சியின் குறுகிய வளைவுகளில் கீழழுத்தம் வேண்டும். கீழே இறங்கிய பின் வரும் கான்ராட் நேர்சாலையில், மணிக்கு 300 கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில், அதே கீழழுத்தத்தை உண்டாக்கிய இறக்கை காலைப் பிடித்து இழுக்கும்.

பல்லாண்டுகளாகச் சூப்பர்கார்ஸ் நிர்வாகம் கையாண்ட முறை எளிமையானது. இரு நிறுவனங்களின் கார்களையும் ஒரு விமான ஓடுபாதைக்குக் கொண்டுபோவார்கள். குறித்த வேகத்தில் நேர்கோட்டில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, முன் அச்சில் எவ்வளவு அழுத்தம், பின் அச்சில் எவ்வளவு, எதிர்க்கும் காற்றுத் தடை எவ்வளவு என்பதை உணரிகளால் பதிவு செய்வார்கள். எண்கள் ஒத்துவரும் வரை ஸ்பாய்லரின் விளிம்பையும், முன் பம்பருக்குக் கீழே நீளும் தட்டின் அளவையும் வெட்டியும் ஒட்டியும் சரிசெய்வார்கள். அதன் பிறகு அந்த வடிவம் முத்திரையிடப்பட்டதுபோல் உறைந்துவிடும்.

இந்த முறையில் இரண்டு குறைகள் உண்டு. காலை ஏழு மணிக்கு ஓடுபாதையில் இருக்கும் காற்று பத்து மணிக்கு இருக்காது. பக்கவாட்டில் மெல்லிய காற்று வீசினாலே அளவு தடுமாறும். அதைவிட முக்கியமான குறை, பந்தயத்தில் கார் நேராக மட்டும் போவதில்லை என்பது. வளைவில் அது சற்றே சாய்ந்து, காற்றைக் கோணலாக எதிர்கொள்கிறது. முன்னால் போகும் காரின் கலங்கிய காற்றுக்குள் நுழைகிறது. நேர்கோட்டில் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒத்திருந்த இரு உடல்கள் அங்கே வேறு வேறு விதமாக நடந்துகொள்ளலாம். ஓடுபாதைச் சோதனையில் தேறிய காரை ஓட்டுபவர் ‘எனக்குப் பின்புறம் நிலைக்கவில்லை’ என்று சொன்னால் இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. இருவரும் உண்மையே சொல்லக்கூடும்.

2019இல் மஸ்டாங்கின் கூரையில் எடை ஏற்றியது ஏன்?

ஃபால்கனுக்குப் பதிலாக 2019இல் முதன்முறையாக மஸ்டாங் களம் இறங்கியது. அதன் உடலைப் பலர் கேலி செய்தார்கள். நான்கு கதவு செடானுக்காக அளந்த பொதுச் சட்டகத்தின் மேல் இரண்டு கதவுக் காரின் தோலை இழுத்துப் போர்த்தியதால் கூரை உயர்ந்து கூன் விழுந்ததுபோல் தெரிந்தது. அழகு எப்படி இருந்தாலும் பருவத்தின் தொடக்கப் பந்தயங்களை வரிசையாக அதுவே வென்றது. காற்றியக்கச் சோதனையில் எல்லாம் ஒத்துப்போயிருக்க, வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடியவர்கள் அதுவரை யாரும் ஒழுங்காக அளக்காத ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அது காரின் ஈர்ப்பு மையம்.

மேற்பாகங்கள் இலகுவான கலவைப் பொருளால் செய்யப்பட்டால், மிச்சமான எடையைக் குறைந்தபட்ச எடை விதிக்காகக் காரின் அடித்தளத்தில் வைக்கலாம். மொத்த எடை மாறாது. ஆனால் எடையின் மையம் கீழே இறங்கும், வளைவில் கார் சாய்வது குறையும். இதை அளப்பது பெரிய வித்தை அல்ல. நான்கு சக்கரங்களின் கீழும் நான்கு தராசுகளை வைத்துக் காரை நிறுத்துகிறார்கள். பிறகு ஒரு முனையை மட்டும் உயர்த்துகிறார்கள். உயர்த்திய பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு எத்தனை கிலோ இடம்பெயர்கிறது என்பதைப் பார்த்தால் மையத்தின் உயரம் கணக்கில் வந்துவிடும்; மையம் உயரமாக இருந்தால் அதிக எடை சாயும், தாழ்ந்திருந்தால் குறைவாகச் சாயும்.

டாஸ்மேனியச் சுற்றுக்கு முன், மையம் மிக உயரத்தில் இருந்த காருக்கு மற்றவற்றை நிகராக்கும்படி விதி வந்தது. மஸ்டாங்கின் மேற்பகுதியில் சுமார் 28 கிலோ ஏற வேண்டியிருந்தது, கொமடோருக்கு ஏழு கிலோ அளவில். 28 கிலோவால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு மனக்கணக்கு: கார் 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம், அதில் 28 கிலோவைத் தரைமட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயர்த்தினால் மொத்தக் காரின் மையம் 20 மில்லிமீட்டர் உயர்கிறது. ஒரு மில்லிமீட்டருக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் பொறியாளர்களுக்கு 20 மில்லிமீட்டர் என்பது கடல்.

பின்னர் அந்த ஆண்டிலேயே மஸ்டாங்கின் பின் இறக்கையின் பக்கத் தகடுகளும் சிறிதாக்கப்பட்டன. கொமடோருக்கும் ஒரு காற்றியக்கத் திருத்தம் கிடைத்தது. அப்படியும் மஸ்டாங் ஓட்டிய ஸ்காட் மெக்லாஃப்லின் அந்தப் பருவத்தில் 18 பந்தயங்களை வென்று, 1996இல் கிரெய்க் லவுண்ட்ஸ் படைத்திருந்த 16 வெற்றிகள் என்ற சாதனையை முறியடித்தார்.

அப்படியானால் மெக்லாஃப்லின் வென்றது காராலா, திறமையாலா?

காரும் உதவியது, திறமையும் இருந்தது என்பதே நேர்மையான விடை. அதே மஸ்டாங்கை வேறு அணிகளும் வைத்திருந்தன. அவை 18 பந்தயங்களை வெல்லவில்லை. அவர் 2018இலேயே பழைய ஃபால்கனில் பட்டம் வென்றவர். ஒரு வகைக் கார் தொடர்ந்து வெல்வது சந்தேகப்படுவதற்குக் காரணமாகலாம். தீர்ப்பு சொல்வதற்குச் சான்றாகாது. சான்று வேண்டுமென்றால் காரை அளக்க வேண்டும். அளக்காமல் வெற்றிக் கணக்கை வைத்துத் திருத்தம் செய்யத் தொடங்கினால், நல்ல அணியைத் தண்டித்து மந்தமான அணிக்கு மானியம் கொடுப்பதாக அது முடியும்.

2023இல் எல்லாமே புதிது என்றார்களே, பிறகு ஏன் சண்டை முற்றியது?

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஹோல்டன் என்ற பெயரையே மூடிவிடுவதாக 2020இல் அறிவித்ததால் கொமடோரின் இடத்துக்குக் கமரோ வந்தது. அதோடு ‘ஜென் 3’ என்ற புதிய தலைமுறை விதிகளும் வந்தன. கார்கள் தாழ்ந்தும் அகன்றும் தெருக்காரின் உருவத்துக்கு நெருங்கியும் அமைந்தன. கீழழுத்தத்தைப் பெருமளவு குறைத்தார்கள். மொத்தக் கீழழுத்தம் குறைவாக இருக்கும்போது இரு கார்களுக்கு இடையிலான சிறு வித்தியாசமும் பெரிதாகத் தெரியும் என்பது பலர் கவனிக்காமல் விட்ட விளைவு. குழம்பில் உப்பு சற்றுக் கூடினால் தெரியாது, ரசத்தில் உடனே தெரியும் என்பதுபோல.

அந்தப் பருவத்தில் பெரும்பாலான பந்தயங்களைக் கமரோவே வென்றது. பட்டம் கமரோ ஓட்டிய பிராடி கோஸ்டெக்கிக்கு. பாத்தர்ஸ்ட் 1000 கமரோ ஓட்டிய ஷேன் வான் கிஸ்பெர்கனுக்கும் ரிச்சி ஸ்டானவேக்கும். ஃபோர்டு தரப்பு ஆண்டு முழுவதும் முறையிட்டது. நடுவில் மஸ்டாங்குக்குக் காற்றியக்கத் திருத்தங்கள் கிடைத்தன. இறுதியில், ஓடுபாதைச் சோதனை போதாது என்று நிர்வாகமே ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக, 2023 முடியும் தறுவாயில் இரண்டு கார்களும் அமெரிக்காவின் வட கரோலினாவில் கான்கார்ட் என்ற ஊரிலுள்ள விண்ட்ஷியர் காற்றுச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டன.

அந்தச் சுரங்கத்தில் கார் நிற்கும், தரை ஓடும். சக்கரங்களுக்குக் கீழே எஃகுப் பட்டை ஒன்று மணிக்கு சுமார் 290 கிலோமீட்டர் வேகம் வரை சுழலும். எதிரிலிருந்து அதே வேகத்தில் காற்று வரும். காரைச் சில பாகை திருப்பி வைத்து, கோணலாகக் காற்று வந்தால் என்ன ஆகிறது என்பதையும் பார்க்கலாம். வானிலையைச் சபிக்க வேண்டியதில்லை. அங்கே கிடைத்த எண்களைக் கொண்டு 2024க்கான வடிவங்கள் முடிவாயின. செலவு மிகுந்த பயணம்தான். ஆனால் ஓராண்டு முழுக்க ஒவ்வொரு செய்தியாளர் சந்திப்பிலும் ஓட்டுநர்கள் சமநிலையைப் பற்றியே பேசியதால் தொடருக்கு ஏற்பட்ட நட்டத்தோடு ஒப்பிட்டால், இந்தப் பயணத்தை 2022இலேயே செய்திருக்க வேண்டும் என்பது எம் கருத்து.

இரண்டு இன்ஜினும் ஒரே குதிரைத்திறன் என்றால் அவை சமம்தானே?

கமரோவில் இருப்பது 5.7 லிட்டர் வி8; பழைய அமெரிக்க முறைப்படி தள்ளுகோல்கள் வால்வுகளைத் திறக்கின்றன. மஸ்டாங்கில் இருப்பது 5.4 லிட்டர் வி8; கேம் தண்டுகள் தலைப்பகுதியிலேயே உள்ளன, சிலிண்டருக்கு நான்கு வால்வு. இரண்டும் ஏறத்தாழ 600 குதிரைத்திறன். ஆனால் உச்ச எண் என்பது மலையின் சிகரம் மட்டுமே. ஒரு மலை செங்குத்தாக ஏறி இறங்கலாம், இன்னொன்று மேடைபோல் பரந்திருக்கலாம். இரண்டின் உயரமும் ஒன்றே. பந்தயத்தில் இன்ஜின் உச்சப் புள்ளியில் மட்டும் ஓடுவதில்லை, ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் பல நூறு சுழற்சிகள் இறங்கி ஏறுகிறது. ஆகவே அந்தப் பரப்பு முழுவதும் கிடைக்கும் ஆற்றலைக் கூட்டி ஒப்பிட வேண்டும்.

அதற்கும் மேலே ஒரு படி உண்டு. இன்ஜினின் ஆற்றலை அளக்கும் டைனோ கருவியில் நிதானமாகச் சுழற்சியை ஏற்றி அளக்கும்போது சமமாகத் தெரியும் இரண்டு இன்ஜின்கள், ஓட்டுநர் மூன்றாம் கியரில் வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரைத் தொடும் கணத்தில் வேறு வேறு விதமாக விழித்தெழலாம். ஒன்று மெதுவாகத் தோள் கொடுக்கும், மற்றொன்று உதறும்; உதறும் காரின் பின் டயர் சீக்கிரம் தேயும். எனவேதான் சடுதியான சுமை மாற்றத்தை அளக்கும் டைனோ சோதனையைப் பற்றி 2023க்குப் பின் அவ்வளவு பேசப்பட்டது.

சோதனையின்போது அணிகள் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி நிர்வாகத்தை ஏமாற்ற முடியாதா?

சுற்று நேரத்தை அடிப்படையாகக் கொண்ட முறைகளில் முடியும். கடைசிக் கட்டத்தில் கால் எடுத்துவிட்டால் போதும், அடுத்த பந்தயத்தில் எடை குறையும். காரையே தராசிலும் சுரங்கத்திலும் வைத்து அளக்கும் முறையின் பெருமை இதுதான்: தராசிடம் நடிக்க முடியாது.

இதை முடிவு செய்பவர்கள் யார்? அவர்கள் நடுநிலையாளர்களா?

முடிவு நிர்வாகத்துடையது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் காரை வடிவமைத்துச் சோதனைக்குக் கொண்டுவரும் பொறுப்பை ஓர் அணியிடம் ஒப்படைக்கிறது. ஜென் 3 தொடங்கியபோது கமரோவுக்கு ட்ரிப்பிள் எய்ட் அணியும், மஸ்டாங்குக்கு டிக் ஜான்சன் ரேசிங் அணியும் அந்தப் பொறுப்பில் இருந்தன. இரண்டும் பந்தயத்தில் ஓடும் அணிகளே. தேர்வு எழுதும் மாணவர்களில் இருவர் வினாத்தாள் அச்சிடும் இடத்திலும் வேலை பார்ப்பதுபோன்ற நிலை இது. இதில் யாரும் தவறு செய்ததாகப் பொருள் இல்லை. அந்த அளவுக்குத் தொழில்நுட்ப அறிவுள்ளவர்கள் பந்தய அணிகளில்தான் கிடைக்கிறார்கள். ஆனால் சந்தேகம் எழாமல் இருக்க வேண்டுமென்றால் அளவீடு வெளியார் கையில் இருக்க வேண்டும், எண்கள் இரு தரப்புக்கும் காட்டப்பட வேண்டும். காற்றுச் சுரங்கப் பயணத்தின் உண்மையான பயன் கீழழுத்தத்தைவிட இந்த நம்பிக்கைதான்.

விதி மீறலும் சமநிலைக் குறைவும் ஒன்றா?

இல்லை. விதி மீறல் என்பது ஓர் அணி செய்வது. சமநிலைக் குறைவு என்பது விதியே செய்வது. 1987 பாத்தர்ஸ்டில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த ஃபோர்டு சியரா கார்கள், சக்கர வளைவுகளை அனுமதியின்றி மாற்றியமைத்ததற்காகச் சில மாதங்கள் கழித்து நீக்கப்பட்டு, மூன்றாவதாக வந்த பீட்டர் பிராக் அணியினருக்கு வெற்றி போனது. 2023இல் நியூகாசிலில் நடந்த ஜென் 3இன் முதல் பந்தயத்தில் முதல் இரு இடங்களில் வந்த ட்ரிப்பிள் எய்ட் கமரோக்கள், ஓட்டுநரைக் குளிர்விக்கும் சாதனத்தை விதி சொன்ன இடத்தில் வைக்காததற்காக நீக்கப்பட்டு, மஸ்டாங்கில் வந்த கேமரன் வாட்டர்ஸ் வெற்றியாளரானார். 2019 பாத்தர்ஸ்டில் மெக்லாஃப்லினின் தகுதிச்சுற்று இன்ஜினில் வால்வு உயர்வு அளவு மீறியதும் இந்த வகைதான். இவற்றுக்குத் தண்டனை உண்டு. சமநிலைக் குறைவுக்கு யாரைத் தண்டிப்பது? விதிப்படி கொடுத்த காரை விதிப்படி ஓட்டியவரை ஒன்றும் செய்ய முடியாது. நடுவில் திருத்தம் வந்தாலும் முன்பு இழந்த புள்ளிகள் திரும்ப வருவதில்லை.

இரண்டுக்கும் நடுவில் விழும் வழக்குகள் உண்டா?

உண்டு, அவற்றில் மிக அழகானது பிரிட்டனில் 1994இல் நடந்தது. பந்தயக் காரின் காற்றியக்க உறுப்புகள் சாலைக் காரில் இருப்பவையாகவே இருக்க வேண்டும், அந்தச் சாலைக் கார் 2,500 எண்ணிக்கையில் தயாராகியிருக்க வேண்டும் என்பது அன்றைய பிடிசிசி விதி. ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் 155 காரில் ‘சில்வர்ஸ்டோன்’ என்று ஒரு பதிப்பையே வெளியிட்டது. முன்னால் நீட்டக்கூடிய தட்டு. பின் இறக்கையை உயர்த்துவதற்கான துண்டுகள் வாங்குபவரின் கார் டிக்கியில் தனியாக வைத்துக் கொடுக்கப்பட்டன. வாங்கியவர் அவற்றைப் பொருத்தினாரா, பரணில் போட்டாரா என்பது அவர் பாடு. பந்தயத்தில் காப்ரியேலே டார்குவினி அவற்றை நீட்டிப் பொருத்திக்கொண்டு வென்றபடியே போனார்.

எதிரணிகள் முறையிட்டன, ஔல்டன் பார்க் சுற்றிலிருந்து ஆல்ஃபா கோபத்தோடு விலகியது, பின்னர் இரு தரப்பும் இறங்கிவந்தன. இறக்கையைத் தாழ்த்திய பின்னும் டார்குவினி பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு எல்லோருக்கும் இறக்கை வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. எழுத்துப்படி அவர்கள் விதியை மீறவில்லை. விதியின் ஓட்டையை முதலில் கண்ட சாமர்த்தியத்துக்கு ஒரு பருவம் பரிசு, அடுத்த பருவம் எல்லோருக்கும் பொது என்ற அந்தத் தீர்வு எமக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இன்றைய சூப்பர்கார்ஸில் அதற்கு இடமே இல்லை.

2025இல் மஸ்டாங் வென்றதே. அப்படியென்றால் சமநிலை வந்துவிட்டதா?

2024இல் பட்டமும் பாத்தர்ஸ்டும் கமரோவுக்கு. 2025இல் சாஸ் மோஸ்டர்ட்டின் பட்டமும், மேட் பெய்ன், கார்த் டாண்டர் இணையின் பாத்தர்ஸ்டும் மஸ்டாங்குக்கு. முன்னர் சொன்ன அதே விடைதான் இங்கும் பொருந்தும்: வெற்றிக் கணக்கு சான்றாகாது, நமக்குப் பிடித்த பக்கம் சாயும்போதும் கூட.

டொயோட்டா வந்தால் என்ன ஆகும்?

2026 முதல் சுப்ரா கார், 5.2 லிட்டர் வி8 இன்ஜினோடு மூன்றாவது போட்டியாளர். இரண்டு கார்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது ஒரு கணக்கு. மூன்று என்றால் மூன்று கணக்குகள், ஒன்றைத் திருத்தினால் மற்ற இரண்டும் ஆடும். சுப்ராவைக் கட்டும் பொறுப்பு, மோஸ்டர்ட்டுக்கு மஸ்டாங்கில் பட்டம் வாங்கித் தந்த அதே வாக்கின்ஷா அணிக்கு. கமரோவை வடிவமைத்துக் கொடுத்து அதன் தரப்பில் நின்று வாதாடிய ட்ரிப்பிள் எய்ட் அணி ஃபோர்டுக்கு மாறி, மஸ்டாங்கின் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டுள்ளது. 2023இல் ‘மஸ்டாங்குக்கு ஒரு குறையும் இல்லை’ என்று கணக்குக் காட்டியவர்கள் இனி அதே மஸ்டாங்குக்காகக் கணக்குக் காட்டுவார்கள். அந்தக் கோப்புகள் இன்னும் அவர்களுடைய கணினியில்தான் இருக்கும்.